கல்லூரியின் தாய்ப்பத்திரம்: அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலக்கணக்கைத் தேடிப் படிப்பது எப்படி?

மனை வாங்கப் போகிறவர் விற்பவரின் கையில் இருக்கும் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போய்த் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பார். அமெரிக்காவின் பல பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படி ஒரு தாய்ப்பத்திரம் உண்டு. நம் பிள்ளைகள் படிக்கப் போகும் பர்டூ, ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகியவையும், தனியார் பல்கலைக்கழகமாகவே அறியப்படும் கார்னெலும், 1862 ஜூலை 2 அன்று அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின்வழிக் கிடைத்த நிலத்தின் பணத்தால் காலூன்றியவை. இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1960இல் பந்த்நகரில் தொடங்கப்பட்ட வேளாண் பல்கலைக்கழகம் இந்த அமெரிக்க மாதிரியைப் பார்த்து அமைக்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, கற்பித்தல், ஆராய்ச்சி, உழவருக்கான விரிவாக்கப் பணி ஆகிய மூன்றும் ஒரே குடையின்கீழ் வந்ததும் அதே வழியில்தான்.

ஏதேனும் ஒரு நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை ஏக்கர் கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்ன விலைக்குப் போனது, அதற்கு முன்பு அந்த மண் யாருடையதாக இருந்தது என்பதைத் தேடிக் கண்டறியும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பொதுவெளியில் இருக்கும் ஆவணங்களே போதும். நான்கைந்து மாலைப் பொழுதுகளில் செய்துவிடக்கூடிய வேலைதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். நிலக்கொடை என்றதும், அரசு ஓரிடத்தில் நிலம் தந்தது, அதன்மேல் கல்லூரி எழுந்தது என்றுதான் மனத்தில் தோன்றும். பெரும்பாலும் நடந்தது அதுவன்று. கொடுக்கப்பட்ட நிலம் பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்தது. அது விற்கப்பட்டு முதலானது. அந்த முதலின் வட்டி கல்லூரியை நடத்தியது. கல்லூரி நின்ற இடம் வேறு வழியில் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் இத்தாகாவில் எஸ்ரா கார்னெலின் சொந்தப் பண்ணை நிலத்தில் எழுந்தது. பர்டூவுக்கு உள்ளூரார் 100 ஏக்கரும், ஜான் பர்டூ என்ற வணிகர் 1,50,000 டாலரும் தந்ததால்தான் அது அந்த ஊருக்கு வந்தது. அவருடைய பெயரையும் பெற்றது. டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு பிரேசோஸ் மாவட்டத்தார் 2,416 ஏக்கர் கொடுத்தார்கள். ஆகவே வளாகத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு நிலக்கொடையைத் தேடினால் எதுவும் அகப்படாது. நான் இந்த வேலையைத் தொடங்கிய புதிதில் கார்னெலின் கொடைநிலத்தை நியூயார்க் மாநிலத்துக்குள்ளேயே தேடி இரண்டு மாலைகளைச் செலவழித்தேன். அந்த மாநிலத்தில் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான பொதுநிலம் இல்லவே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில், எந்தச் சட்டம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

நிலக்கொடைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை முதல் தலைமுறை. 1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம் நிலம் எதுவும் தரவில்லை. ஆண்டுதோறும் பணம் தந்தது. மாணவர் சேர்க்கையில் நிற வேறுபாடு பார்க்கும் மாநிலங்கள் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தினால்தான் அந்தப் பணம் கிடைக்கும் என்று அது விதித்ததால், தென்மாநிலங்களில் கறுப்பினக் கல்லூரிகள் பல நிலக்கொடைத் தகுதி பெற்றன. மூன்றாவதாக 1994இல் பழங்குடியினரின் கல்லூரிகள் இந்த வரிசையில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கும் நிலத்துக்கு ஈடாகப் பணமே ஒதுக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முறை வந்தபோது கொடுப்பதற்கு நிலம் இல்லாமற்போனதைத் தேடலின் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏக்கர் கணக்கு தேடுகிறவர்களுக்கு வேண்டியது 1862ஆம் ஆண்டுப் பட்டியல்.

பெயரை வைத்து முடிவு செய்வதும் தவறாகிவிடும். மிச்சிகனில் நிலக்கொடை பெற்றது மிச்சிகன் ஸ்டேட். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் அன்று. மாசச்சூசெட்ஸ் தன் பங்கைப் பிரித்து, பத்தில் மூன்று பங்கை எம்.ஐ.டி.க்கும் ஏழு பங்கை ஆம்ஹர்ஸ்ட் வேளாண் கல்லூரிக்கும் தந்தது. சில மாநிலங்களில் கொடை முதலில் ஒரு கல்லூரிக்குப் போய், பிறகு கைமாறியது. கனெக்டிகட்டின் பங்கு 1893 வரை யேல் பல்கலைக்கழகத்திடமும், ரோட் ஐலண்டின் பங்கு 1894 வரை பிரவுன் பல்கலைக்கழகத்திடமும் இருந்தன. எனவே இன்றைய பெயரில் பழைய ஆவணம் கிடைக்கவில்லை என்றால், அந்த மாநிலத்தில் கொடையை முதலில் பெற்றது எந்தக் கல்லூரி என்று பாருங்கள்.

எத்தனை ஏக்கர் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்

சட்டத்தின் கணக்கு எளிமையானது. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு மாநிலத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்களோ, அவர்களுள் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர். மேலவையில் எல்லா மாநிலங்களுக்கும் இருவர். கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ப. பென்சில்வேனியாவுக்கு 2 பேரும் 24 பேரும் சேர்ந்து 26. ஆகவே 7,80,000 ஏக்கர். ஒஹாயோவுக்கு 21 பேர், 6,30,000 ஏக்கர். இந்தியானாவுக்கு 13 பேர், 3,90,000 ஏக்கர். மிகச் சிறிய ரோட் ஐலண்டுக்கு 4 பேர், 1,20,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 பேர், 9,90,000 ஏக்கர்.

இப்படி வரும் எண்ணும் ஆவணத்தில் இருக்கும் எண்ணும் சற்று வேறுபட்டால் குழம்ப வேண்டாம். நிலம் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் காகிதமான நிலச்சீட்டு ஒவ்வொன்றும் 160 ஏக்கருக்கு உரியது என்பதால், நியூயார்க்குக்கு 6,187 சீட்டுகள், அதாவது 9,89,920 ஏக்கர்தான் கைக்கு வந்தது. இருப்புப்பாதைக்கு அருகில் இருந்து, ஏக்கருக்கு 2.50 டாலர் என இரட்டை விலை நிர்ணயிக்கப்பட்டிருந்த நிலத்தை ஒரு மாநிலம் தேர்ந்தெடுத்தால், ஓர் ஏக்கரை இரண்டாக எண்ணினார்கள். அதனால்தான் அயோவாவுக்கு உரிமை 2,40,000 ஏக்கராக இருந்தும், கிடைத்தது ஏறத்தாழ 2,04,000 ஏக்கர். ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போர் தொடுத்த தென்மாநிலங்களுக்குச் சட்டம் முதலில் இடம் தரவில்லை. போர் முடிந்த பிறகே அவற்றுக்குப் பங்கு கிடைத்தது. ஹவாய் மாநிலத்தைத் தேடினால் ஏக்கரே இருக்காது. அங்கே 1960இல் நிலத்துக்கு ஈடாக 60 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

நிலமா, சீட்டா?

இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகின்றன. கூட்டாட்சி அரசின் பொதுநிலம் தன் எல்லைக்குள் போதுமான அளவு இருந்த மாநிலங்கள், அயோவாவையும் கான்சஸையும் மிச்சிகனையும்போல, நிலத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டன. பொதுநிலம் இல்லாத கிழக்கு மாநிலங்களுக்கும் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் ஸ்கிரிப் என்னும் நிலச்சீட்டு வழங்கப்பட்டது. மேற்கே திறந்திருக்கும் பொதுநிலத்தில் 160 ஏக்கரை எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்தக் காகிதம் தந்தது.

சட்டத்தில் இருந்த ஒரு முடிச்சை இங்கே கவனிக்க வேண்டும். சீட்டைப் பெற்ற மாநிலம் தானே போய் இன்னொரு மாநிலத்தில் நிலத்தைக் குறித்துக்கொள்ள முடியாது. ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்துக்குள் நிலக்கிழாராகிவிடக் கூடாது என்பதே இதற்குக் காரணம். ஆகவே மாநிலம் சீட்டைத் தனியாருக்கு விற்றாக வேண்டும். வாங்கியவர்தான் நிலத்தைத் தேர்ந்தெடுப்பார். எந்த ஒரு மாநிலத்துக்குள்ளும் இவ்வகைச் சீட்டுகளால் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. கல்லூரி ஒரு மாநிலத்திலும் அதன் நிலம் வேறொரு மாநிலத்திலும் இருப்பது இதனால்தான். அந்த நிலத்தின் ஆவணத்தில் பெரும்பாலும் கல்லூரியின் பெயரே இல்லாமல் ஏதோ ஒரு தரகரின் பெயர் இருப்பதற்கும் இதுவே காரணம்.

விலையைத் தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்

இங்கே சென்ட் என்று நான் எழுதுவது டாலரின் நூறில் ஒரு பங்கு. நம் ஊர் நில அளவு அன்று.

அப்போது பொதுநிலத்துக்கு அரசு வைத்திருந்த அடிப்படை விலை ஏக்கருக்கு 1.25 டாலர். சீட்டுக்கும் அந்த விலை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 1862 மே 20 அன்று, மோரில் சட்டத்துக்கு ஆறே வாரங்களுக்கு முன், ஹோம்ஸ்டெட் சட்டம் வந்துவிட்டது. குடியேறி ஐந்தாண்டு பயிர்செய்கிற குடும்பத்துக்கு 160 ஏக்கர் இலவசம் என்று ஆன பிறகு, காசு கொடுத்துச் சீட்டு வாங்க அவசரப்படுவோர் குறைந்தார்கள். இன்னொரு புறம், சட்டத்தை ஏற்ற மாநிலம் ஐந்தாண்டுக்குள் கல்லூரியை ஏற்படுத்த வேண்டும் என்ற கெடு இருந்தது. 1866இல் அது நீட்டிக்கப்பட்டாலும் நெருக்கடி குறையவில்லை. எல்லா மாநிலங்களும் ஒரே காலத்தில் சீட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அறுவடைக் காலத்தில் ஊர் முழுவதும் ஒரே நாளில் நெல்லைக் களத்துக்குக் கொண்டுவந்தால் வியாபாரி சொல்வதுதான் விலை. இங்கும் அதுவே நடந்தது.

ரோட் ஐலண்ட் தன் 1,20,000 ஏக்கருக்கு 50,000 டாலர் பெற்றது. ஏக்கருக்குச் சுமார் 42 சென்ட். இந்தியானாவுக்கு 2,12,238 டாலர், ஒஹாயோவுக்கு 3,40,906 டாலர். இரண்டுமே ஏக்கருக்கு 54 சென்ட் அளவில். பென்சில்வேனியாவுக்கு 4,39,186 டாலர். சுமார் 56 சென்ட். போருக்குப் பிறகு சற்றுத் தாமதமாக விற்ற டெக்சஸுக்கு 87 சென்ட் கிடைத்தது. இந்தியானா மட்டும் 1.25 டாலர் விலைக்கு விற்றிருந்தால் 4,87,500 டாலர் கிடைத்திருக்கும். அரசின் விலையில் பாதிகூடத் தேறவில்லை. சீட்டுகளை மொத்தமாக வாங்கிய சில தரகர்கள் மேற்கே நிலம் தேடியவர்களிடம் அவற்றை விற்று இலாபம் பார்த்தார்கள். பல்கலைக்கழக வரலாறுகள் கொடையின் பரப்பை ஏக்கரில் பெருமையாகச் சொல்லிவிட்டு, கைக்கு வந்த தொகையைச் சிறிய எழுத்தில் கடந்துவிடுவது வழக்கம். நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் எஸ்ரா கார்னெல். தந்தித் தொழிலில் பொருளீட்டிய அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 5,00,000 டாலரைக் கொடுத்து, ஆண்ட்ரூ டிக்சன் வைட்டுடன் சேர்ந்து 1865இல் பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் பெற்றார். நியூயார்க்கின் சீட்டுகள் அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், 1866இல் எஞ்சியிருந்த சீட்டுகளை மாநிலத்திடமிருந்து தாமே வாங்கிக்கொள்ள உடன்பட்டார். தனி மனிதர் என்பதால் அவரால் நிலத்தைக் குறித்துக்கொள்ள முடிந்தது. இலாபம் வந்தால் அது பல்கலைக்கழகத்துக்கு என்பது உடன்பாடு. ஆள்களை விஸ்கான்சினின் சிப்பேவா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அனுப்பி, முதிர்ந்த வெள்ளைப் பைன் காடுகளைத் தேடித்தேடிக் குறித்தார். ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் சேர்ந்தது.

குறித்துவிட்டால் போதாது, விற்கும்வரை ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும், மரத் திருட்டைத் தடுக்க வேண்டும். 1873இல் நாடெங்கும் பண நெருக்கடி ஏற்பட்டது. 1874 டிசம்பரில் எஸ்ரா கார்னெல் இறந்தபோது அந்தக் காடுகள் வருமானம் தராத பெரும் சுமையாகவே இருந்தன. மர வணிகத்தை நன்கறிந்த அறங்காவலர் ஹென்றி சேஜ் நிலத்தை அவசரத்தில் கைவிடாமல் வைத்திருந்தார். 1880களில் பைன் மர விலை ஏறியது. இறுதியில் செலவு போகப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 50 லட்சம் டாலருக்கும் மேல். சீட்டு ஒரே மாதிரியானதுதான். ஒஹாயோவின் கையில் அது 54 சென்ட், கார்னெலின் கையில் ஏக்கருக்குப் பல டாலர். காத்திருக்கும் சக்தி யாருக்கு இருந்தது என்பதே தொகையைத் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன். கெடுவை விதித்த சட்டம், காத்திருப்பதற்கான வழியை ஏழை மாநிலங்களுக்கு அமைத்துத் தரவில்லை.

பிற்காலத்தில் சேர்ந்த மாநிலங்களைத் தேடுகிறவர்கள் வேறொரு நிலைமையைக் காண்பார்கள். 1889இல் வாஷிங்டன், மான்டனா, இரு டகோட்டாக்கள் ஆகியவற்றை ஒன்றியத்தில் சேர்க்க வழிசெய்த சட்டம், கல்விக்கு ஒதுக்கிய நிலத்தை ஏக்கருக்கு 10 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று விதித்தது. வாஷிங்டன் மாநிலத்தின் வேளாண் கல்லூரிக்கு உரிய நிலங்களில் ஒரு பகுதி இன்றும் விற்கப்படாமல் மாநிலத்தின் இயற்கைவளத் துறையிடம் இருக்கிறது. அங்கே வெட்டப்படும் மரத்தின் வருவாய் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது.

பணம் எங்கே போனது?

சட்டத்தின் சிறப்பு, என் பார்வையில், இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நிலம் விற்ற பணத்தை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் வருவாய் தரும் பாதுகாப்பான பத்திரங்களில் போட வேண்டும். முதல் என்றென்றும் குறையக் கூடாது. ஏதேனும் காரணத்தால் குறைந்தால் மாநிலம் தன் கருவூலத்திலிருந்து இட்டு நிரப்ப வேண்டும். கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிப்பிடுவதைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். வட்டியைத்தான் கல்லூரிக்குச் செலவழிக்கலாம். முதல் தொகையில் பத்தில் ஒரு பங்குவரை எடுத்துக் கல்லூரிக்கோ சோதனைப் பண்ணைக்கோ இடம் வாங்கலாம். கட்டடம் கட்டவோ பழுதுபார்க்கவோ ஒரு காசும் எடுக்கக் கூடாது.

இந்தத் தடையால் மாநிலங்கள் கட்டடத்துக்குத் தம் சொந்தப் பணத்தைப் போட நேர்ந்தது. பல ஊர்கள் நிலமும் நன்கொடையும் தருவதாகக் கூறிக் கல்லூரிக்குப் போட்டியிட்டதற்கும் இதுவே காரணம். இந்தியானாவின் தொகைக்கு 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10,600 டாலர் அளவில் வரும். ரோட் ஐலண்டுக்கு 2,500 டாலர். ஒரு கல்லூரியை முழுமையாக நடத்த இது போதாது. ஆனாலும், வேளாண்மையும் தொழில்நுட்பமும் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும், மற்ற அறிவியலையும் இலக்கியக் கல்வியையும் விலக்கக் கூடாது, உழைக்கும் வகுப்பினருக்கு அது பயன்பட வேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் கடமை மாநிலத்தின் மீது நிரந்தரமாக விழுந்தது. சிறு முதல் ஒரு பெரிய கடமையைக் கட்டிப்போட்டது. பின்னர் 1887இல் ஆராய்ச்சிப் பண்ணைகளுக்கும், 1914இல் விரிவாக்கப் பணிக்கும் கூட்டாட்சி அரசு ஆண்டுதோறும் பணம் தரத் தொடங்கியபோது, அதைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் ஏற்கெனவே தயாராக இருந்தது.

நீங்கள் தேடும் பல்கலைக்கழகத்தின் முதல் இருபது ஆண்டுகளின் அறங்காவலர் குழு அறிக்கைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை மின்வடிவில் இருக்கின்றன. வரவுப் பகுதியில் கொடை நிதியின் வட்டி தனி வரியாக இருக்கும். அதைச் செலவுப் பகுதியில் உள்ள ஆசிரியர் சம்பளத்தோடு ஒப்பிட்டால், நிலம் எத்தனை ஆசிரியர்களைத் தாங்கியது என்பது தெரிந்துவிடும்.

ஒரு பட்டயத்தைக் கையில் எடுத்துப் படிப்பது

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகம், பழைய பொதுநில அலுவலகத்தின் ஆவணங்களை இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. நிலம் இருக்கும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்து, சட்ட அதிகாரம் என்ற இடத்தில் 1862 ஜூலை 2ஆம் நாள் வேளாண் கல்லூரிக் கொடையைக் குறித்துத் தேடுங்கள். கல்லூரி இருக்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கார்னெலைத் தேடுவதாக இருந்தால் மாநிலம் விஸ்கான்சின். பெயர் எஸ்ரா கார்னெல்.

பொதுநிலத்தை ஒருவர் பெயருக்கு அரசு எழுதிக்கொடுத்த பத்திரமே பட்டயம். அதன் படத்தைத் திறந்தால், அச்சிட்ட வாசகத்துக்கு இடையிலுள்ள இடைவெளிகள் மையால் நிரப்பப்பட்டிருக்கும். எந்த எண்ணுள்ள சீட்டு, எந்த மாநிலத்துக்கு வழங்கப்பட்டது, அதை யார் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள், அதைக் கொண்டு எந்தத் துண்டு நிலம் எடுக்கப்பட்டது என்ற நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கீழே அதிபரின் பெயர் இருக்கும்; ஆனால் கையெழுத்து அவருடையது அன்று, அவர் சார்பில் ஒரு செயலாளர் இட்டது.

நில விவரம், எடுத்துக்காட்டாக, ‘வடக்கு 30ஆம் டவுன்ஷிப், மேற்கு 8ஆம் ரேஞ்சில், 14ஆம் செக்‌ஷனின் வடமேற்குக் கால்பகுதி’ என்ற வகையில் இருக்கும். ஆங்கில மூலத்தில் கால்பகுதி முதலிலும் ரேஞ்ச் கடைசியிலும் வரும். அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். ஒரு டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதன் கால்பகுதி 160 ஏக்கர். ஒரு சீட்டுக்கு உரிய பரப்பு சரியாக அதுவே. செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6க்கு நேர் கீழே 7 வந்து கிழக்கே திரும்பும். ஏர் மாடுகள் சால் முனையில் திரும்பி எதிர்த்திசையில் வருவதைப் போல அப்படியே இறங்கி, தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். இதைத் தாளில் ஒருமுறை கட்டம் போட்டு எண்ணிட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நம் புல எண்ணும் உட்பிரிவும் ஊருக்கு ஊர் வடிவம் மாறுபவை. இங்கே மலையானாலும் ஏரியானாலும் ஒரே கட்டம்தான். நிலத்தைப் பார்க்காமலேயே வாங்கி விற்க இந்தக் கட்டமுறை வசதி செய்துகொடுத்தது.

அதற்கு முந்தைய பத்திரம்

பட்டயத்தோடு தேடலை நிறுத்துகிறவர்கள் அதிகம். ‘பொதுநிலம்’ என்ற சொல்லே அதற்கு முன் எதுவும் இல்லாததுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. அந்த நிலம் அரசுக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் விடுவது, தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் மனை வாங்குவதற்குச் சமம்.

சார்லஸ் ராய்ஸ் என்பவர் தொகுத்து 1899இல் வெளிவந்த பழங்குடி நிலக் கையளிப்பு வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கையளிப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே எந்த ஒப்பந்தம், எந்த நாள், எந்த மக்கள் என்ற விவரம் இருக்கும். உங்கள் பட்டயத்தில் உள்ள டவுன்ஷிப் எந்த எண்ணுக்குள் விழுகிறது என்று பொருத்திப் பாருங்கள். இந்தப் பொருத்தும் வேலையை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் செய்து, 2020இல் ‘ஹை கன்ட்ரி நியூஸ்’ என்ற இதழ் தரவுகளை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. மோரில் சட்டத்தின் நிலம் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் ஏக்கர் என்றும், அது கிட்டத்தட்ட 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து பெறப்பட்டது என்றும் அது காட்டியது. முதலில் நீங்களே ஒரு துண்டையாவது பொருத்திவிட்டு, பிறகு அந்தத் தரவோடு ஒத்துப்பாருங்கள் என்பது என் பரிந்துரை. கையால் ஒருமுறை செய்தால்தான் எண்ணுக்குப் பின்னால் இருப்பது நிலம் என்பது மனத்தில் பதியும்.

எங்கும் ஒரே கதை கிடைக்காது. கலிஃபோர்னியாவில் 1851, 1852 ஆண்டுகளில் பழங்குடியினரோடு செய்துகொண்ட 18 ஒப்பந்தங்களை மேலவை ஏற்கவே இல்லை. அம்மக்கள் ஒப்பந்தத்தில் சொன்ன ஈட்டைக்கூடப் பெறாமல் நிலத்தை இழந்தார்கள். மினசோட்டாவில் டகோட்டா மக்கள் 1851இல் நிலத்தைக் கையளித்தார்கள். மோரில் சட்டம் கையெழுத்தாகி ஏழு வாரங்கள் முடிவதற்குள், ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை வராமல் பட்டினியில் தவித்த நிலையில் அங்கே போர் மூண்டது. மறு ஆண்டு அவர்கள் மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

கார்னெலின் பைன் காடுகளுக்கு வருவோம். சிப்பேவா பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1837 ஜூலை 29 அன்று செயின்ட் பீட்டர்ஸ் என்ற இடத்தில் ஒஜிப்வே மக்களோடு செய்த ஒப்பந்தத்தின்வழி அரசுக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 9,500 டாலர் ரொக்கமும் 19,000 டாலர் மதிப்புள்ள பொருள்களும், கொல்லுப்பட்டறை, விதை, உணவு முதலியவற்றுக்குச் சில ஆயிரங்களும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. விஸ்கான்சின், மினசோட்டா ஆகியவற்றில் பல லட்சம் ஏக்கருக்கு ஈடாகச் சொல்லப்பட்ட தொகை அது. அதன் ஒரு மூலையில் நின்ற மரங்களிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் 50 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது. உங்கள் குறிப்பேட்டில் இந்த இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவையும் விடாமல் படியுங்கள். கையளித்த நிலத்திலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாடவும், மீன்பிடிக்கவும், அங்கே தானாக விளையும் காட்டரிசியைச் சேகரிக்கவும் ஒஜிப்வே மக்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. விஸ்கான்சின் மாநிலம் நெடுங்காலம் அந்த உரிமையை மறுத்து அவர்களைக் கைதுசெய்து வந்தது. 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும், மினசோட்டா வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமை உயிரோடு இருப்பதாகத் தீர்ப்பளித்தன. ஆகவே நீங்கள் தயாரிக்கும் நிலக்கணக்கின் கடைசிக் கட்டத்தில், அந்த ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன என்பதையும், அதில் ஒப்பமிட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்பதையும் எழுத இடம் விட்டு வையுங்கள். அவர்களுடைய சொந்த அரசுகளின் இணையதளங்களில் அந்த விவரம் கிடைக்கும்.